வாங்கி, புதுப்பித்து, விற்பது: புதியவருக்கு இது தொழிலாகுமா?

சென்னையில் முப்பது ஆண்டுப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டை 60 லட்சத்துக்கு வாங்கு, 10 லட்சம் செலவழித்துப் புதுப்பி, 85 லட்சத்துக்கு விற்றுவிடு, 15 லட்சம் உனக்கு. இப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகளும் பயிற்சி வகுப்புகளும் தமிழில் பெருகிவிட்டன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முப்பது, நாற்பது லட்சம் சேர்த்த பலர், அதை நம்பி இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தொழில் வேரூன்றிய அமெரிக்காவில் என்ன நடந்தது, நம் ஊரில் அதன் கணக்கு எப்படி மாறுகிறது, புதிதாக வருபவர் எதை முதலில் கற்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அமெரிக்காவில் இது பழைய தொழில். அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது தொலைக்காட்சி. 2005-ல் ‘ஃப்ளிப் திஸ் ஹவுஸ்’, 2013-ல் ‘ஃப்ளிப் ஆர் ஃப்ளாப்’ என்று வந்த நிகழ்ச்சிகளில், பாழடைந்த வீடு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பளபளப்பாகி லாபத்துக்கு விலைபோனது. இத்துறையின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஆட்டம் (ATTOM) நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் அங்கே சுமார் மூன்று லட்சம் வீடுகள் வாங்கிய ஓராண்டுக்குள் மறுபடி விற்கப்பட்டன. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடைவெளி, வாங்கிய விலையில் ஏறத்தாழ 30 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணில் பழுதுபார்த்த செலவோ, வட்டியோ, தரகோ, வரியோ கழிக்கப்படவில்லை. அவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சம்பாத்தியம். பலருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

யாருக்கு மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. பொருளாதார அறிஞர் பேட்ரிக் பேயரும் அவருடைய சகாக்களும் 1988 முதல் 2009 வரை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். குறுகிய காலத்தில் வாங்கி விற்றவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். அனுபவசாலிகள் சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைத்து வாங்கினார்கள், சந்தை விலைக்கு விற்றார்கள். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குத் தொழில் நடந்தது. புதியவர்களோ விலை ஏறும் காலத்தில் கூட்டமாக வந்து, சந்தை விலைக்கே வாங்கி, விலை மேலும் ஏறும் என்று காத்திருந்தார்கள். விலை ஏறியவரை லாபம் வந்தது. உச்சி எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதே ஆய்வாளர்கள் பின்னால் செய்த இன்னொரு ஆய்வில், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி விற்று லாபம் பார்த்தால் தானும் இறங்கும் ஆசை ஒருவருக்கு அதிகரிப்பதையும், அப்படி இறங்கியவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவே தேறினார்கள் என்பதையும் காட்டினார்கள்.

இந்த ஆசையின் அளவு சிறியதல்ல. 2006-ல் வீட்டு விலைகள் உச்சத்தில் இருந்தபோது கலிபோர்னியா, ஃபுளோரிடா, அரிசோனா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களிலும் வீடு வாங்கக் கொடுத்த கடனில் கிட்டத்தட்ட பாதி, ஏற்கெனவே சொந்த வீடு வைத்திருந்தவர்களுக்குப் போனது என்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் பின்னால் கண்டறிந்தார்கள். 2008-ன் சரிவில் கடன் கட்டாமல் விட்டுவிட்டுப் போனவர்களில் இவர்கள் பங்கு பெரியது. அவர்கள் விட்டுப்போன வீடுகள் தெருவையே விலையிழக்க வைத்தன. அதே தெருவில் ஒழுங்காகத் தவணை கட்டிக் குடியிருந்தவனும் அதில் அடிபட்டான்.

தனிமனிதருக்குத்தான் தகவல் போதவில்லை, பெரிய நிறுவனத்துக்குக் கைகூடும் என்று நினைத்தால் ஸில்லோவின் கதையைப் பார்க்கலாம். அமெரிக்க வீடுகளின் விலை விவரம் அந்த நிறுவனத்திடம் குவிந்திருந்தது. 2018-ல் தானே வீடுகளை வாங்கிச் சிறு பழுதுகள் பார்த்து விற்கத் தொடங்கியது. 2021 நவம்பரில், வருங்கால விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி அந்தப் பிரிவை மூடியது. அதற்கு முந்தைய ஒரு காலாண்டுக்கு மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் இழப்பு எழுதியது, ஊழியரில் நான்கில் ஒரு பங்கை வெளியே அனுப்பியது. கணினியில் லட்சக்கணக்கான வீடுகளின் விலை இருந்தும், வாங்கிய விலை தவறியதால் எதுவும் காப்பாற்றவில்லை.

இத்தனைக்கும் நடுவே உறுதியாகப் பணம் பார்த்த கூட்டம் ஒன்று உண்டு: கற்றுக்கொடுத்தவர்கள். 2019-ல் அமெரிக்க ஃபெடரல் வணிக ஆணையமும் யூட்டா மாநிலமும் சேர்ந்து ஸூரிக்ஸ் என்ற பயிற்சி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தன. தொலைக்காட்சிப் பிரபலங்களின் முகத்தைக் காட்டி இலவசக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அங்கே ஏறத்தாழ 2,000 டாலருக்கு மூன்று நாள் பயிலரங்கை விற்பார்கள். பயிலரங்கில் பல்லாயிரம் டாலருக்கு ‘மேல்நிலைப் பயிற்சி’யை விற்பார்கள். குற்றச்சாட்டு அதுதான். நம் ஊர் நட்சத்திர ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சில வகுப்புகளின் வரிசையும் இதேதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வீடு வாங்கி விற்பதில் அவ்வளவு லாபம் என்றால், வகுப்பு நடத்த அவருக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது முதலில் சொன்ன சென்னைக் கணக்குக்கு வருவோம். 60 லட்சத்துக்கு வீடு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் 60,000. வழக்கறிஞர், ஆவணச் செலவு 30,000. வேலைக்கு 10 லட்சம். 40 லட்சம் கடன் வாங்கி 9 சதவீத வட்டியில் பத்து மாதம் இழுத்தால் 3 லட்சம். அசோசியேஷன் பராமரிப்பு, சொத்து வரி, மின்கட்டணம் 50,000. விற்கும்போது மறுபடி புரோக்கருக்கு 85,000. எல்லாம் கூட்டினால் 80.65 லட்சம். 85-க்கு விற்றால் கையில் 4.35 லட்சம். காணொளி சொன்ன 15 எங்கே, இது எங்கே? வாங்கிய 24 மாதத்துக்குள் விற்றால் இது குறுகிய கால மூலதன ஆதாயம், அவரவர் வருமான வரி விகிதத்தில் வரி. முப்பது சதவீதப் பிரிவில் இருப்பவருக்கு மிஞ்சுவது சுமார் 3 லட்சம். இதற்காக அவர் முடக்கிய சொந்தப் பணம் ஏறக்குறைய 40 லட்சம். அதை அப்படியே 7 சதவீத வைப்புநிதியில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாலும், பத்து மாதத்தில் வரிக்கு முன் 2.3 லட்சம் வந்திருக்கும். விற்பனை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனால் வட்டியிலும் பராமரிப்பிலும் 2 லட்சத்துக்கு மேல் கரையும். வாங்க வருபவர் 5 லட்சம் குறைத்துக் கேட்டு, நீங்கள் அவசரத்தில் தலையாட்டினால் நஷ்டம்.

அமெரிக்கத் தொழில்காரர்கள் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்தபின் வீடு என்ன விலை போகுமோ அதில் 70 சதவீதம் எடு, பழுதுச் செலவைக் கழி, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதே என்பது அந்த விதி. நம் உதாரணத்தில் 85 லட்சத்தில் 70 சதவீதம் 59.5. பத்தைக் கழித்தால் 49.5 லட்சம். அதாவது அந்த வீட்டை 60-க்கு வாங்கியபோதே ஆட்டம் முடிந்துவிட்டது. அதிலும் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் வீடு கைமாறும்போது மாற்று வரியே கிடையாது. இங்கே வாங்குபவர் ஒவ்வொரு முறையும் 9 சதவீதம் கட்டுகிறார். உங்களிடம் வாங்கப்போகிறவரும் தன் 9 சதவீதத்தை மனதில் வைத்துத்தான் விலை பேசுவார். ஆகவே நம் ஊரில் 70 சதவீதம்கூட அதிகம் என்பதே என் கணிப்பு.

அப்படியானால் விலை குறைந்த வீடு எங்கே கிடைக்கும்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் காலமானபின் அவசரமாக விற்கும் வீடு, பாகப்பிரிவினையில் சிக்கிய வீடு, வங்கி ஏலத்துக்கு வரும் வீடு. மூன்றிலும் விலை குறைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தீர்க்கத் தெரிந்தவருக்குத்தான் லாபம்.

வங்கி ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாராக்கடனை வங்கிகள் மீட்க வழிசெய்யும் 2002-ன் சர்ஃபாசி சட்டத்தின்படி நடக்கும் இந்த ஏலங்களில் வீடு ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படுகிறது. ஏலம் எடுத்தவர் அன்றோ மறு வேலை நாளோ 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும், எழுத்துமூல ஒப்புதலோடு அதிகபட்சம் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கட்டாவிட்டால் கொடுத்த பணம் போய்விடும். பல வீடுகளில் வங்கி கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கும், உள்ளே பழைய உரிமையாளரின் குடும்பம் இன்னும் சமைத்துக்கொண்டிருக்கும். அவர்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால் சாவி கைக்கு வர ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை நாளும் வட்டி உங்கள் தலையில். தொழிலில் ஊறியவர்கள் இதையெல்லாம் விலையில் கழித்துவிட்டு ஏலம் கேட்பார்கள். புதியவர் விளம்பரத்தில் இருக்கும் ‘குறைந்தபட்ச ஏல விலை’யை மட்டும் பார்த்துக் கேட்பார்.

வாரிசுகள் விற்கும் வீட்டில் சிக்கல் பத்திரத்தில் இருக்கும். வில்லங்கச் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துவிடலாம் என்பதால், அது சுத்தமாக இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது, நிலுவையில் இருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது, கையெழுத்துப் போடாத அக்கா தங்கையின் பங்கு வரவே வராது. தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில், அதுவரை மணமாகாத மகள்களுக்குச் சம பங்கு 1989 மார்ச் 25 முதல் உண்டு. 2005-ல் மகள்களின் சம பங்கு நாடு முழுவதற்கும் சட்டமானது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தொண்ணூறுகளில் அண்ணன் தம்பிகள் மட்டும் சேர்ந்து எழுதிக்கொண்ட எத்தனையோ பத்திரங்கள் இன்று கேள்விக்குள்ளாகின்றன. பதிவான கிரயப் பத்திரம் இல்லாமல் வெறும் பவர் பத்திரத்தை வைத்து வீட்டை வாங்கினால் உரிமை மாறாது என்பதும் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட விஷயம். மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்து, இடையில் எங்கே ஒரு கையெழுத்து குறைகிறது என்று கண்டுபிடிக்கும் கண்தான் இந்தத் தொழிலின் முதல் கருவி. பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

வீட்டின் உடம்பைப் படிப்பது இரண்டாவது. சென்னையின் பழைய குடியிருப்பில் புதியவர் கிச்சன் கப்போர்டையும் தரை டைல்ஸையும் பார்ப்பார். அனுபவப்பட்ட மேஸ்திரி நேராகக் கீழ்த்தளத்து வீட்டுக்குப் போய், குளியலறைக் கூரையைப் பார்க்கக் கொஞ்சம் அனுமதி கேட்பார். அங்கே வெள்ளைப் பூப்பூத்து, சுண்ணாம்பு உப்பியிருந்தால், நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பாத்ரூம் தளம் ஒழுகுகிறது என்று பொருள். மேலே இருக்கும் டைல்ஸை முழுக்கப் பெயர்த்து, குழாயை மாற்றி, வாட்டர்புரூஃபிங் செய்து, ஒருநாள் முழுதும் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்த்துத்தான் மூட முடியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் பால்கனியின் கீழ்ப்பக்கமும் சன்ஷேடும் வெடித்துக் கம்பி துருவேறி வெளியே தெரியும். அது ஒரு வீட்டின் பழுதல்ல, கட்டடத்தின் பழுது. அசோசியேஷன் கூடிப் பணம் போடாமல் நீங்கள் தனியாகத் தீர்க்க முடியாது. மேல்மாடி வீடென்றால் மொட்டைமாடியை நவம்பர் மழையில் போய்ப் பார்க்க வேண்டும், மே மாத வெயிலில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான். வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ என்றால் 2015 டிசம்பரிலும் 2023-ன் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்க்கடைக்காரரிடம் கேட்க வேண்டும். வெள்ளத்தின் நினைவை எந்த மராமத்தும் அழிக்காது. தென்மேற்கு மூலையும் வாசல் திசையும் அப்படியே. வாஸ்து பார்ப்பது சரியா தவறா என்பது வேறு பேச்சு. உங்களிடம் வாங்க வருபவர் பார்ப்பார்.

அவர் எப்படிப் பணம் கொண்டுவருவார் என்பதைப் பெரும்பாலான வகுப்புகள் தொடுவதே இல்லை. 85 லட்சம் கொடுப்பவர் அநேகமாக வங்கிக் கடனை நம்பித்தான் வருவார். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதைவிட முக்கியம், முப்பது ஆண்டுக் கட்டடத்துக்கு இருபது ஆண்டுக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும், கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பொறியாளர் எழுதித் தரச் சொல்லும். அனுமதித்த வரைபடத்துக்கு மாறாக பால்கனியை மூடி அறையாக்கியிருந்தால் அதற்கும் மதிப்புப் போடாது. ஆகவே வீடு வாங்குமுன்பே, இதை நாளை வாங்குபவருக்குக் கடன் கிடைக்குமா என்று ஒரு வங்கியின் மதிப்பீட்டாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. பழைய கட்டடத்தில் விலையைத் தாங்கிப் பிடிப்பது யு.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பிரிபடாத நிலப் பங்கு. உங்கள் மார்பிள் தரைக்கு அதில் வேலை இல்லை.

கறுப்புப் பணத்தையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இங்கே இன்னும் ஒழியவில்லை. அறத்தை விடுங்கள், வாங்கி விற்பவருக்கு இது நேரடி நஷ்டம். பத்திரத்தில் 45 என்று எழுதிய வீட்டை 85-க்கு வங்கிக் கடனில் வரும் ஒருவருக்கு விற்கும்போது, இடைவெளி முழுவதும் உங்கள் லாபமாகக் கணக்கில் ஏறும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க 2015-லிருந்து சட்டத்தில் இடமுண்டு.

பணமே போடாமல் செய்யலாம் என்று இன்னொரு வழி சொல்வார்கள். அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாத அக்ரிமென்ட் போட்டு, அதற்குள் வேறொருவரைப் பிடித்து அதிக விலைக்குக் கைமாற்றிவிடுவது. புரோக்கர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 முதல் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாத அக்ரிமென்டை நம்பிக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க நீதிமன்றம் ஏறியவர்கள் நிறைய. தெருவில் எல்லோரையும் தெரிந்த, பத்து வாங்குபவரைக் கையில் வைத்திருப்பவருக்கான வேலை இது, புதியவருக்கானது அல்ல.

பிறகு புதியவர் என்னதான் செய்வது? என் தீர்ப்பு இது: ஆறு மாதத்தில் விற்கும் நோக்கத்தோடு முதல் வீட்டை வாங்காதீர்கள். வாங்கிக் குடியேறுங்கள். வாடகை மிச்சம், வேலையை அவசரமில்லாமல் ஒவ்வொரு அறையாகச் செய்யலாம், கொத்தனாரும் பிளம்பரும் எங்கே ஏமாற்றுகிறார்கள் என்பது உங்கள் கண் எதிரே தெரியும். 24 மாதம் கடந்து விற்றால் நீண்ட கால ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம். அந்த ஆதாயத்தை இரண்டு ஆண்டுக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் அந்த வரியும் இல்லை. ஆனால் புதிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் சலுகை போய்விடும். அமெரிக்கச் சட்டமும் ஐந்தில் இரண்டு ஆண்டு குடியிருந்து விற்பவருக்கு 2.5 லட்சம் டாலர் வரை லாபத்தை வரியிலிருந்து விலக்குகிறது. இரண்டு நாட்டுச் சட்டமும் பொறுத்திருப்பவர் பக்கம் நிற்கும்போது, புதியவர் ஏன் அவசரக்காரர் பக்கம் போக வேண்டும்?

விற்கும்போது மறைக்காமல் சொல்வதும் இந்தத் தொழிலைக் கற்பதில் அடக்கம். மேல்பூச்சு மட்டும் பூசி விற்ற வீடுகளில் குடியேறி நொந்தவர்களின் புகார் அமெரிக்காவில் மலையாகக் குவிந்தது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், வாங்கிய 18 மாதத்துக்குள் வீட்டை விற்பவர் என்னென்ன வேலை செய்தார், எந்த ஒப்பந்தக்காரரைக் கொண்டு செய்தார் என்று எழுதித் தர வேண்டும். நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் குழாய் மாற்றியதற்கும் வாட்டர்புரூஃபிங்குக்கும் ஒயரிங்குக்கும் பில்லும் புகைப்படமும் வைத்திருந்து வாங்குபவர் கையில் கொடுக்கலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து வைக்கும் குடும்பத்துக்கு அதைத் தரவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அதேபோல் கஷ்டத்தில் விற்கும் முதியவரிடம் விலையை அடித்துப் பேசுவதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இறங்குவது என்று முடிவாகிவிட்டால், அடுத்த ஓராண்டுக்கு ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள், அடையாறோ, நங்கநல்லூரோ, மதுரையில் கே.கே. நகரோ. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வீட்டையும் போய்ப் பாருங்கள். கேட்ட விலை என்ன, கடைசியில் போன விலை என்ன, எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சொத்து ஆவணங்களில் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவருக்கு முறையாகக் கட்டணம் கொடுத்து, அவர் பத்திரங்களைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். வகுப்புக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அவருக்குக் கொடுங்கள். அந்த நோட்டு நிறையும்வரை யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.